சாப்பாடும் பயணமும்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிமீ தூரத்தில் இருக்கிறது எங்கள் சுங்கை சிப்புட். இங்கே கோயில் மண்டபத்திலும் கோப்பிக்கடையிலும் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. உணவுக்குச் சொல்லும் கிலோ அளவுகள் உலகச் சராசரி. மீத்தேன் போன்ற மற்ற வாயுக்களையும் கரியமில வாயுவுக்குச் சமமாக மாற்றிக் கூட்டியவை. வண்டிகளுக்கு எரியும் எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டேன்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு, டீசல் என்றால் 2.7 கிலோ.

ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு கிலோகூட எடை இல்லையே, அதிலிருந்து 2.3 கிலோ புகை எப்படி வரும்?

நல்ல கேள்வி. பெட்ரோலில் இருக்கும் கரி எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துகொள்கிறது. கூடுகிற எடை அந்த ஆக்சிஜனுடையது.

நாங்க தோட்டத்து ஆளுங்க. பணக்காரன் செய்யுற அழிவுக்கு எங்களை ஏன் கணக்குக் கேக்குறீங்க?

இந்தக் கோபம் நியாயமானது. மலேசியாவில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 8 டன் கரியமில வாயு என்று கணக்கு சொல்கிறார்கள். மின்நிலையம், தொழிற்சாலை எல்லாவற்றையும் சேர்த்து மக்கள்தொகையால் வகுத்த எண் அது. தோட்டத்து லயத்து வீட்டில் இருந்து, நடந்து போய் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, கொல்லையில் முருங்கையும் மரவள்ளியும் வைத்துச் சாப்பிட்ட குடும்பம் அந்தச் சராசரிக்குப் பக்கத்தில்கூட வந்திருக்காது. நம் பாட்டன் பாட்டி யாரும் இந்தக் கடனை வாங்கி வைக்கவில்லை.

ஆனால் நாம் லயத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. வாசலில் இரண்டு காடி (கார்) நிற்கிறது. வாரத்தில் பல நாள் வெளிச்சாப்பாடு. வசதி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், அதற்காக யாரும் கூனிக் குறுக வேண்டாம். எது உண்மையிலேயே பெரியது, எது சின்னது என்று தெரிந்துகொண்டால் போதும். தெரியாததால் பலர் சின்னதைப் பிடித்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுகிறார்கள்.

சரி, சாப்பாட்டில் எது பெரியது?

மாடும் ஆடும். உலகம் முழுக்க வெளியாகும் வெப்ப வாயுக்களில் ஏறக்குறைய கால்வாசி உணவிலிருந்து வருகிறது. அதில் அசைபோடும் பிராணிகளின் பங்கு மிகப் பெரியது. அவற்றின் வயிற்றில் புல் செரிக்கும்போது மீத்தேன் உண்டாகி, பெரும்பாலும் ஏப்பமாக வெளியே வருகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடாக்கும்.

இறைச்சிக்காகவே வளர்க்கும் மாட்டின் ஒரு கிலோ இறைச்சிக்கு 60 கிலோவுக்கு மேல் கரியமில வாயு கணக்காகிறது. மைவி என்ற சின்னக் காடியை இங்கிருந்து கோலாலம்பூருக்கு ஓட்டிப் போய்த் திரும்பினால் வருவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். பால் மாட்டு மந்தையிலிருந்து வரும் இறைச்சி அதில் பாதிக்கும் குறைவு. ஆட்டிறைச்சி 24 முதல் 40 கிலோ வரை. கோழி 6 முதல் 10. முட்டை சுமார் 4.5. பருப்பு, பட்டாணி வகைகள் 1 கிலோ அளவுதான்.

மாட்டிறைச்சி நம்மில் பலர் வீட்டில் நுழைவதே இல்லை. அதனால் 'எங்களுக்கு இது பொருந்தாது' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆட்டை மறந்துவிடுகிறோம்.

அப்போ தீபாவளிக்கு ஆட்டுக்கறி கூடாதா?

தாராளமாகச் சமையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வருகிற திருநாளில் மூன்று கிலோ கறி வாங்குவதால் உலகம் கெட்டுப்போகாது. நான் கவலைப்படுவது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாங்கும் கறியை. வாரம் ஒரு கிலோ என்றால் ஆண்டுக்கு 52 கிலோ. குறைந்த கணக்கில் பார்த்தாலும் 1,200 கிலோவைத் தாண்டுகிறது. அதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோழிக்கு மாறினாலே நானூறு கிலோவுக்கு மேல் குறையும்.

புரட்டாசி விரதத்தையும் வெள்ளிக்கிழமை சைவத்தையும் நம் வீடுகளில் இன்னும் விடாமல் பிடித்திருக்கிறோம். அந்தச் சமையல் நம் பெண்களின் கையில் இருக்கிறது. சாம்பார், கொண்டைக்கடலைக் குழம்பு, கீரைக் கடைசல், தெம்பே வறுவல் எல்லாம் புதிதாகக் கற்க வேண்டியவை அல்ல. விரத நாள் முடிந்த மறுநாளும் அந்தப் பருப்புக் குழம்புக்கு அடுப்பில் இடம் கொடுக்கலாம்.

கோழி பரவாயில்லைதானே?

மாட்டோடும் ஆட்டோடும் ஒப்பிட்டால் பரவாயில்லை. ஆனால் மலேசியர்கள் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 50 கிலோ கோழி சாப்பிடுகிறோம். உலகிலேயே மிக அதிகமாகக் கோழி சாப்பிடும் நாடுகளில் நாமும் ஒன்று. அந்தக் கோழிகளுக்கான சோளமும் சோயாவும் அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகின்றன. பசியாறலுக்குக் கோழி வைத்த நாசி லெமாக், மதியம் கோழிப் பெரட்டல், ராத்திரி பொரித்த கோழி என்று ஒரே நாளில் மூன்று வேளையும் ஓடுவதைப் பார்க்கிறேன். ஒரு வேளையை முட்டைக்கோ பருப்புக்கோ மாற்றினால் காசும் மிச்சம்.

சோறு? அதையும் விட்டுவைக்க மாட்டீங்களா?

அரிசி கிலோவுக்குச் சுமார் 4 கிலோ. தண்ணீர் கட்டிய வயலின் சேற்றில் காற்றுப் போகாததால் அங்கேயும் மீத்தேன் உண்டாகிறது. மாதம் 20 கிலோ அரிசி வாங்கும் வீட்டுக்கு 80 கிலோ. அதற்காகச் சோற்றை விடச் சொல்ல மாட்டேன், நானும் சோறு தின்கிறவன்தான். வயலில் தண்ணீரைத் தொடர்ந்து நிறுத்தாமல், அவ்வப்போது காயவிட்டுப் பாய்ச்சும் முறையால் மீத்தேனைப் பாதிவரை குறைக்கலாம் என்று நிரூபித்திருக்கிறார்கள். அது கிரியான், கெடா விவசாயிகளும் நீர்ப்பாசனத் துறையும் செய்ய வேண்டிய வேலை. நம் பங்கு, வடித்த சோற்றைக் கொட்டாமல் இருப்பது.

மீன் சாப்பிட்டால்?

சின்ன மீன் நல்லது. கெம்போங், மத்தி, நெத்திலி போன்றவை கூட்டமாக நீந்தும். வலை போட்டால் குறைந்த டீசலில் நிறையக் கிடைக்கும். தீவனமும் வேண்டாம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மஞ்சள் விளக்கின் கீழ் ஐஸ் மேல் அடுக்கியிருக்கும் கெம்போங்கின் செவுளைத் தூக்கிப் பாருங்கள். இரத்தச் சிவப்பாக, கண் தெளிவாக இருந்தால் வாங்குங்கள். புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் மறுநாள் பசியாறலுக்கும் வரும்.

இறால்தான் சிக்கல். பண்ணை இறால் கிலோவுக்கு 12 முதல் 27 கிலோ வரை போகிறது. குளம் வெட்டுவதற்காகச் சதுப்புநிலக் காட்டை அழித்த இடங்களில் கணக்கு இன்னும் மோசம், ஏனென்றால் அந்தச் சேற்றுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கரி சேர்ந்து கிடக்கிறது. தைப்பிங் பக்கம் மாத்தாங்கில் 40,000 ஹெக்டருக்கு மேல் சதுப்புநிலக் காடு இருக்கிறது. முறை வைத்து வெட்டி, திரும்ப நட்டு, நூறாண்டுக்கு மேலாகப் பராமரிக்கிறார்கள். பிள்ளைகளை ஒருநாள் அங்கே கூட்டிப் போங்கள்.

உள்ளூர்ப் பொருள் வாங்கினால் போதும், மற்றதெல்லாம் தேவையில்லை என்கிறார்களே?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்பதைவிட, என்ன பொருள், எதில் வந்தது என்பதே முக்கியம். சரக்குக் கப்பல் ஒரு டன்னை ஒரு கிமீ தூக்கிப் போக 10 முதல் 20 கிராம் கரியமில வாயுதான் வெளியிடுகிறது. விமானம் ஒரு கிலோவுக்கு மேல். கனடாவிலிருந்து கப்பலில் வந்த மைசூர்ப் பருப்பு, பக்கத்து ஊரில் வெட்டிய ஆட்டைவிடப் பல மடங்கு இலேசானது.

உள்ளூர்க் காய்கறி வாங்க வேறு நல்ல காரணங்கள் உண்டு. காசு நம் ஆளுக்குப் போகிறது, கீரை வாடாமல் கிடைக்கிறது, குறைவாக அழுகுகிறது. அந்தக் காரணங்களுக்காக வாங்குங்கள். விமானத்தில் பறந்து வரும் ஸ்ட்ராபெரி, செரி வகைகளைத் தள்ளி வையுங்கள், பப்பாளியும் கொய்யாவும் இங்கேயே காய்க்கின்றன.

செம்பனை எண்ணெயை நிறுத்தணுமா? நம்ம பிழைப்பே அதுலதானே?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை நட்ட முதல் தோட்டம் கோல சிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டம், 1917இல். ரப்பர் விலை சரியச் சரிய, பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்தார்கள். இன்று 55 இலட்சம் ஹெக்டருக்கு மேல் செம்பனை நிற்கிறது. குலை வெட்டியவர்களும் உதிரிப் பழம் பொறுக்கியவர்களும் நம் வீட்டு ஆட்கள். அதனால் வெளிநாட்டுக்காரர்கள் செம்பனையைப் பழிக்கும்போது நமக்கு உள்ளே குத்துகிறது. எனக்கும் குத்தும்.

ஒரு ஹெக்டர் செம்பனை ஆண்டுக்கு மூன்றரை முதல் நான்கு டன் எண்ணெய் தருகிறது. சோயா அரை டன்னைத் தொடுவதே பெரிய காரியம், சூரியகாந்தி முக்கால் டன் அளவு. செம்பனையை ஒதுக்கிவிட்டு அதே எண்ணெயை வேறு பயிரில் எடுக்கப் போனால் பல மடங்கு நிலம் வேண்டும். அதற்காக வேறெங்கோ காடு அழியும். ஆகவே கடையில் எண்ணெய் வகையை மாற்றுவதால் மட்டும் எதுவும் தீராது.

தவறு எங்கே என்றால், எந்த மண்ணில் நட்டார்கள் என்பதில். நூறாண்டாக ரப்பர் இருந்த நிலத்தில் செம்பனை வைப்பது ஒரு கதை. மழைக்காட்டைச் சாய்த்து வைப்பது வேறு கதை. எல்லாவற்றிலும் மோசம் கரிச்சதுப்பு நிலம். அங்கே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறிக் கிடந்த இலைதழை மக்கிக் காற்றில் கலக்கிறது. ஹெக்டருக்கு ஆண்டுதோறும் பத்துக்கணக்கான டன் கரியமில வாயு, நிறுத்தமில்லாமல். காய்ந்த அந்த மண் தீப்பிடித்தால் அணைக்கவும் முடியாது. 1997இலும் 2015இலும் நாம் மூச்சுத்திணறிய புகைமூட்டத்துக்கு இந்தோனேசியாவின் கரிச்சதுப்பு நிலத் தீயும் ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் ஆலைக் கழிவுநீர். செம்பனை ஆலைக்குப் பின்னால் இருக்கும் குளத்தைப் பார்த்திருப்பீர்கள். கறுப்புத் தண்ணீர், மேலே ஆடை படர்ந்திருக்கும், இடைவிடாமல் குமிழி வெடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு குமிழியிலும் மீத்தேன் போகிறது. அந்தக் குளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடி, வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கலாம். 2014 முதல் புதிய ஆலைகளுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். பழைய ஆலைகளில் பல இன்னும் திறந்த குளத்தோடுதான் ஓடுகின்றன.

இங்கே நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், நம் ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பங்கு இன்றும் பல வீட்டு அலமாரியில் இருக்கிறது. நமக்குத் தோட்டத்தில் பங்கு இருக்கிறது என்றால், நம் குலை எந்த ஆலைக்குப் போகிறது, அந்த ஆலைக் குளம் மூடியிருக்கிறதா என்று பேராளர் கூட்டத்தில் கேட்க உரிமையும் இருக்கிறது. ஒரு வீட்டில் எண்ணெய்ப் பாட்டிலை மாற்றுவதைவிட அந்தக் கேள்வி பெரிய வேலை செய்யும்.

பொரித்த எண்ணெயை என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஆறவிட்டு, வடிகட்டி, பழைய பாட்டிலில் சேருங்கள். எடைக்கு வாங்குகிறவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள், சில பள்ளிகளும் குடியிருப்புச் சங்கங்களும் சேகரிக்கின்றன. அது பயோடீசலாகவும் விமான எரிபொருளாகவும் மாறுகிறது.

கல்யாண வீட்டில் மிஞ்சுவதைப் பற்றிச் சொல்லுங்க.

இதுதான் என் மனத்தை மிகவும் அறுக்கிற விஷயம். விருந்து முடிந்து இலையை எடுக்கும்போது நின்று பாருங்கள். முதல் கரண்டிச் சோறே தொடாமல், மேலே சாம்பார் காய்ந்து, ஓரத்தில் அப்பளம் நனைந்து கிடக்கும். வடையைக் கிள்ளிவிட்டு வைத்திருப்பார்கள். பாயாசக் கிண்ணம் நிறைந்தபடி இருக்கும். ஒருவர் இலையை அப்படியே மடித்துக் கறுப்புப் பைக்குள் தள்ளுவார். மண்டபத்துக்குப் பின்னால் அந்தப் பைகள் ஆள் உயரத்துக்குக் குவியும். நம் முன்னோர் பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள்.

மலேசியாவில் நாளொன்றுக்குச் சுமார் 17,000 டன் உணவு குப்பைக்குப் போகிறது. அதில் ஏறக்குறைய கால்வாசி, இன்னும் சாப்பிடக்கூடியது. குப்பைமேட்டில் புதைந்த சோறு காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகிறது. அதை விளைவித்து, ஏற்றி வந்து, எரிவாயு செலவழித்துச் சமைத்ததும் வீண்.

செய்யக்கூடியவை இவை. அழைப்பிதழோடு விட்டுவிடாமல், வருகிறீர்களா என்று போனில் கேட்டு எண்ணிக்கை எடுங்கள். நம்மவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம், கேளுங்கள். பரிமாறுகிற பிள்ளைகளிடம் முதலில் பாதிக் கரண்டி வையுங்கள், கேட்டால் மறுபடி வையுங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். எட்டு வகைக் கூட்டு பொரியலை ஐந்தாக்குங்கள், பந்தியில் யாரும் எண்ணப் போவதில்லை. மிஞ்சியதை உறவுக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக டப்பாக்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: சமைத்த சோறும் கறியும் வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள். பந்தி முடியும்வரை காத்திருக்காமல், கை படாத அண்டாவிலிருந்து முதலிலேயே எடுத்து வைப்பதுதான் வழி.

தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போறேன். மோட்டாரா, காடியா?

போகவர 60 கிமீ என்று வைத்துக்கொள்வோம். சின்ன மோட்டார் சைக்கிள் 100 கிமீக்கு 2 லிட்டர் குடிக்கும். ஒரு நாளைக்கு 2.8 கிலோ கரியமில வாயு. மைவி போன்ற காடி 6 லிட்டர் குடிக்கும், 8 கிலோவுக்கு மேல். அதே காடியில் நான்கு பேர் போனால் ஆளுக்கு 2 கிலோதான், மோட்டாரைவிடக் குறைவு. 30 பேர் உட்கார்ந்த தொழிற்சாலை பஸ்ஸில் ஆளுக்கு ஒன்றரை கிலோ அளவு.

மாதம் 25 நாள் வேலை என்றால், தனியாகக் காடியில் போகிறவருக்கு 200 கிலோவைத் தாண்டும், பஸ்ஸில் போகிறவருக்கு 40 கிலோ. விடியற்காலை சாலையோரம் சீருடையோடு நிற்கிற பெண்களைப் பார்த்து, இன்னும் ஒரு காடி வாங்க முடியவில்லையே என்று பரிதாபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான் வருகிறது. மோட்டாரில் போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: புகைக் கணக்கில் மோட்டார் நன்றாக இருக்கலாம், ஆனால் இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பெரும்பாலோர் மோட்டார் ஓட்டிகள். நான்கு பேர் கூடி ஒரு காடியில் போக முடிந்தால் அதையே செய்யுங்கள், பெட்ரோல் காசையும் பிரித்துக்கொள்ளலாம்.

எங்க தோட்டத்துக்குப் பஸ்ஸே வர்றதில்லையே, ஐயா?

உண்மை. பஸ் இல்லாத இடத்தில் பஸ்ஸில் போ என்று சொல்வது அநியாயம். அங்கே குற்றம் பயணியுடையது அல்ல. சட்டமன்ற உறுப்பினரிடமும் மாவட்ட மன்றத்திடமும் சும்மா புகார் சொல்லாமல், எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எங்கே போகிறார்கள் என்று பட்டியல் எடுத்துக் கொடுங்கள். எண்ணிக்கை கையில் இருந்தால் தட்டிக்கழிப்பது கடினம்.

மின்சாரக் காடி வாங்கினால் பிரச்சினை தீருமா?

கொஞ்சம் குறையும். தீபகற்பத்தில் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலும் இயற்கை எரிவாயுவிலும்தான் வருகிறது. அதனால் மின்சாரக் காடிக்கு 100 கிமீக்கு 10, 11 கிலோ என்றால், மைவிக்கு 14. சூரிய மின்சாரம் கூடக் கூட வித்தியாசம் பெருகும். மின்சார மோட்டார் சைக்கிள் என்றால் இப்போதே பாதிக்கும் மேல் குறைகிறது. பேட்டரி தயாரிக்கும்போதே சில டன் வெளியாகிவிடுகிறது, ஆகையால் குறைவாக ஓட்டுகிறவர்கள் நன்றாக ஓடும் பழைய காடியை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

கோலாலம்பூருக்கு?

ரயில். மின்சார ரயில் பாதை நம் ஊர் வழியாகவே போகிறது. எல்லா ரயிலும் இங்கே நிற்காது, நேரம் ஒத்துவரவில்லை என்றால் ஈப்போவில் ஏறுங்கள். குடும்பமாக ஐந்து பேர் என்றால் காடியும் தப்பில்லை.

ஊருக்குப் போறது? இந்தியாவுக்கு?

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,600 கிமீ. விமானத்தில் போய் வந்தால் ஒருவருக்கு ஏறக்குறைய அரை டன். தனியாக ஈப்போவுக்குக் காடியில் போகும் ஒருவரின் இரண்டரை மாதக் கணக்கு அது. ஐந்து பேர் குடும்பத்துக்கு இரண்டரை டன்.

ஒரு காலத்தில் கப்பல் இருந்தது. எம்.வி. சிதம்பரம் 1985இல் தீப்பிடித்த பிறகு அந்தப் பயணிகள் சேவையும் நின்றுபோனது. இன்று விமானத்தை விட்டால் வேறு வழியில்லை. பெற்றவர்களின் ஊரைப் பார்க்கவும், சபரிமலைக்கும், உறவுக்காரர் கல்யாணத்துக்கும் போக வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். சேலையும் நகையும் எடுக்க ஒருமுறை, மண்டபம் பார்க்க ஒருமுறை, பிறகு கோயிலுக்கு ஒருமுறை என்று ஒரே ஆண்டில் மூன்று தடவை பறப்பதை ஒன்றாகச் சேர்த்து, இரண்டு வாரம் தங்கிவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். தங்கினால்தான் ஊரும் உறவும் பழகும்.

பிளாஸ்டிக் பையும் ஸ்ட்ராவும் விட்டுட்டேன். போதுமா?

விட்டது நல்லது. வாய்க்கால் அடைக்காது, ஆற்றில் மீன் விழுங்காது. ஆனால் வெப்பக் கணக்கில் ஒரு மெல்லிய பை சில பத்துக் கிராம்தான். அந்தப் பையில் தூக்கி வருகிற ஒரு கிலோ ஆட்டிறைச்சி அதைப்போல ஆயிரம் மடங்கு. பையை மறுத்துவிட்டதால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள், அக்கா.

வீட்டில் மிஞ்சும் காய்த் தோலை உரமாக்கலாமா? நாறுமே?

நாறாது, முறையாகச் செய்தால். அடியில் ஓட்டை போட்ட ஒரு பழைய வாளி போதும். ஒரு கை ஈரமான காய்த் தோலுக்கு இரண்டு கை காய்ந்த சருகு அல்லது தென்னை நார். இறைச்சி, மீன், எண்ணெய் போட்ட குழம்பு எதுவும் வேண்டாம், எலி வரும். வாரம் ஒருமுறை கிளறுங்கள். உள்ளே காற்றுப் புகுந்தால் மீத்தேன் உண்டாகாது, நாற்றமும் வராது. நாறினால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் சருகு போடுங்கள். மழையில் நனையாமல் கூரையடியில் வையுங்கள். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் கறுத்துப் பொலபொலவென்று ஆகிவிடும். கறிவேப்பிலைக்கும் மிளகாய்ச் செடிக்கும் போடலாம், செடியின் தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.